மடிப்பக்காவின் கையெழுத்து

விமானத்திலிருந்து குதிக்கும் படைப்பிரிவுக்குப் பாராசூட் மடித்துக் கொடுக்கும் கூடத்தில் அவள் பதினோரு வருடமாக வேலை பார்த்தாள். போட்டிருந்தது ராணுவச் சீருடைதான். ஆனால் துப்பாக்கியைப் பயிற்சிக் காலத்தில் தொட்டதோடு சரி. முகாமில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிகள் இரண்டு நாள் பதவியும் பெயரும் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் அவர்களும் "மடிப்பக்காவை வரச் சொல்லு" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

கூடத்துக்குள் நுழைகிறவர்கள் மோதிரம், வளையல், ஹேர்பின் எல்லாவற்றையும் வாசலில் இருக்கும் டப்பாவில் போட்டுவிட வேண்டும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். தண்ணீர்ப் பாட்டில்கூட உள்ளே வரக்கூடாது. ஈரக்காற்று பட்டால் துணி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஜன்னல்கள் வருடம் முழுக்கச் சாத்தியே இருக்கும். உள்ளே ஆறு மேஜைகள். ஒவ்வொன்றிலும் தலைமாட்டில் கால்மாடாக ஏழு பேர் படுக்கலாம், அவ்வளவு நீளம்.

குதித்து வந்த பாராசூட்டை முதலில் உயரமான கம்பத்தில் தொங்கவிட்டு உதறுவார்கள். புல்லும் மண்ணும் கொட்டும்; சில நாள் வெட்டுக்கிளிகூட விழும். பிறகு மேஜையில் நீளவாக்கில் இழுத்துக் கட்டி, துணியை ஒவ்வொரு மடலாக நீவி அடுக்க வேண்டும். இருபத்தெட்டுக் கயிறுகளில் ஒன்றுகூட இன்னொன்றின் மேல் ஏறக்கூடாது. மடித்த துணி நழுவாமலிருக்க மேலே மணல் பைகளை வைத்துக்கொண்டு, கயிறுகளை வளைத்து வளைத்து ரப்பர் வளையங்களில் செருகி, எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் அடக்கி, கடைசியில் மூட வேண்டும். நடுவில் மூன்று இடங்களில் நிறுத்திக் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் அடுத்த வேலை. முடிந்ததும் பையோடு இருக்கும் அட்டையில் மடித்தவர் கையெழுத்துப் போடுவார். ஒரு பாராசூட்டுக்கு இருபத்தைந்து நிமிடம். ஒரு நாளைக்குப் பதினான்கு.

ஒப்புதல் கொடுக்கிறவரை மேஸ்திரி என்பார்கள். கூடத்தின் பொறுப்பாளர். வழுக்கைத் தலை, கடுகடுத்த முகம், ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். புதிதாக வேலைக்கு வருகிற எல்லோருக்கும் அவர் சொல்வது ஒரே ஒரு விஷயம்தான். "வேற எந்த வேலையிலயும் தப்புப் பண்ணினா மன்னிப்புக் கேட்கலாம். இங்க கேட்டா, கேட்டுக்கிறதுக்கு ஆள் இருக்க மாட்டான்."

மடிப்பக்காவின் கணவர் முகாம் வாசலுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். வீட்டில் துணி மடிக்கிற வேலை அவருடையது. "என் பொண்டாட்டி கை அரசாங்கக் கை. அதுல என் லுங்கியை மடிக்கச் சொன்னா சட்டம் என்மேல பாயும்" என்று கடைக்கு வருகிற ராணுவக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்க வைப்பார். அவர்களுக்குப் பத்து வயதில் ஒரு மகள். முகாம் குடியிருப்புப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அவள் மூன்றாவது பாராசூட்டின் கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரியின் அறையில் தொலைபேசி அடித்தது. அவர் எப்போதும் இரைந்து பேசுகிறவர். அன்று குரலே கேட்கவில்லை. வெளியே வந்து கூடத்தின் நடுவில் நின்றார்.

"எல்லாரும் கையை எடுங்க. அப்படியே விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க."

ஆறு மேஜைகளிலும் கைகள் நின்றன. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காலையில் குதிப்புப் பயிற்சி இருந்தது எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரி பதிவேட்டைப் பிரித்து, துண்டுச்சீட்டில் குறித்து வந்த எண்ணை விரலால் தேடினார். தேடிய விரல் ஓரிடத்தில் நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்காமலே மடிப்பக்காவுக்குப் புரிந்துவிட்டது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி பக்கத்தில் வந்தார். "உன் மடிப்பு. போன வாரம் வியாழக்கிழமை மடிச்சது. பையன் போயிட்டான்மா."

இறந்தவனுக்கு வயது இருபத்து நான்கு. படைப்பிரிவில் அவனைக் கண்டக்டர் என்று கூப்பிடுவார்கள். அவன் அப்பா பஸ் டிரைவர். விமானத்தின் கதவு திறந்ததும், "ஏறின கையோட இறங்குங்க, ரைட், ரைட்!" என்று கத்தி, பயந்து நிற்கிறவர்களைக்கூடச் சிரிக்க வைத்துவிடுவானாம். இதெல்லாம் அவன் போன பிறகு அவள் கேள்விப்பட்டது. அவன் முகம் அவளுக்குத் தெரியாது. மடித்த பைகள் அலமாரிக்குப் போகும். குதிக்கிறவர்கள் வரிசையில் வந்து, கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு, அட்டையில் தங்கள் பங்குக் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த அட்டையில் அவளுடைய கையெழுத்தும் அவனுடைய கையெழுத்தும் ஒரு விரல் இடைவெளியில் இருந்தன. அவர்கள் இருவருக்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

அன்று மேகம் தாழ்ந்து கிடந்ததால் தரையில் இருந்தவர்களுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. மேகத்துக்குக் கீழே அவன் வந்தபோது பாராசூட் விரியாமல் கசங்கிய துணியாகப் படபடத்தது என்பதை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். நெஞ்சில் கட்டியிருந்த இரண்டாவது பாராசூட்டை அவன் இழுத்திருந்தான். அது முழுதாக விரிவதற்குள் தரை வந்துவிட்டது. அவனோடு குதித்த இன்னொருவனும் மோசமாக விழுந்து கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் கண்டக்டரின் நெருங்கிய நண்பன்; ஆள் உயரம் என்பதால் நெட்டையன் என்று பெயர். "என்னோடது ஒழுங்கா விரிஞ்சுது. கீழ வந்தப்ப காத்து தூக்கி அடிச்சிடுச்சு. அவனை நான் பார்க்கல" என்று அவன் வாக்குமூலம் கொடுத்தான்.

அப்படியானால் மிச்சம் இருப்பது மடிப்பு ஒன்றுதான்.

மறுநாள் முகாம் அதிகாரி அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார்.

"அந்த ஒரு பாராசூட்டை மடிச்சது ஞாபகம் இருக்கா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. கயிறு எல்லாம் சரியா இருந்ததா, ஏதாவது அவசரத்துல செஞ்சீங்களா?"

"அன்னைக்குப் பதினாலு மடிச்சேன் சார். எது எதுன்னு தனியா ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இருக்குன்னு சொன்னா உங்களுக்குத்தான் நல்லது."

"இல்லாததை எப்படி சார் இருக்குன்னு சொல்றது?"

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். இறந்தவனின் பாராசூட்டைச் சாக்கில் போட்டு முத்திரை வைத்திருக்கிறோம், தலைமையகத்திலிருந்து விசாரணை அதிகாரி வந்துதான் பிரிப்பார், அதுவரை கூடத்து ஆட்கள் யாரும் அதைத் தொடக்கூடாது என்றார்.

அவள் அதிகாரியிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அந்த வியாழக்கிழமை மகளுக்குக் காய்ச்சல். காலையில் நெற்றி கொதித்தது. கணவரிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்திருந்தாள். மேஜைக்கு முன் நின்றால் வீடு மறந்துவிடும் என்றுதான் இத்தனை வருடமும் நம்பியிருந்தாள். அன்று மறந்ததா? பதினான்கில் ஏதாவது ஒன்றில், ஒரு கயிறு இன்னொன்றின் மேல் ஏறிய அந்த நொடியில், அவள் மனது தெர்மாமீட்டரில் இருந்ததா? கண்ணை மூடினால் கயிறுகள் வந்தன. இருபத்தெட்டையும் வரிசையாக எண்ணுவாள். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஓரிடத்தில் எண்ணிக்கை தடுமாறும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

அலமாரியில் அவள் கையெழுத்தோடு முப்பத்தெட்டுப் பைகள் இருந்தன. மேஸ்திரி அத்தனையையும் ஓர் அதிகாரியின் முன்னால் ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார். இரண்டு நாள் ஆயிற்று. ஒன்றில்கூடக் குறை இல்லை. பெரிய பயிற்சி ஒன்று வர இருந்தது, ஆள் போதாது. விசாரணை முடியும்வரை அவளும் மடிக்கலாம் என்று உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமை அவள் பத்துப் பைகள் மடித்தாள்.

சனிக்கிழமை காலை குதிக்கிறவர்கள் வந்தார்கள். பை எடுக்கும் இடத்துக்கும் கூடத்துக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். ஒருவன் பையை எடுத்தான், அட்டையைத் திருப்பிப் பார்த்தான், மெதுவாக அலமாரியிலேயே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். அவனுக்குப் பின்னால் வந்தவனும் அப்படியே செய்தான். யாரும் முரட்டுத்தனமாகச் செய்யவில்லை, கடையில் தேதி பார்த்து ரொட்டி எடுப்பதுபோலத்தான் எடுத்தார்கள். போன வாரம்வரை "அக்கா, இன்னைக்கு உங்க கையால மடிச்சது கிடைச்சுது, தூங்கிக்கிட்டே இறங்கலாம்" என்று கண்ணாடியைத் தட்டிச் சொன்னவன் ஒருவன் வரிசையில் இருந்தான். அவன் இந்தப் பக்கமே திரும்பவில்லை.

அவர்கள் போன பிறகு அலமாரியில் பத்துப் பைகள் இருந்தன. பத்தும் அவளுடையவை.

"நான் மேஜைக்கு வரலைங்க. வேற ஏதாவது வேலை குடுங்க" என்றாள் மேஸ்திரியிடம்.

"பைத்தியமா உனக்கு? மூணு இடத்துல நானும்தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்ப நானும் வீட்டுக்குப் போகட்டுமா?"

"உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலையே."

அது உண்மைதான். அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது மடித்தவர் பெயர்தான். மேஸ்திரி அவளைக் கம்பத்தில் பாராசூட் உதறுகிற வேலைக்கு மாற்றினார்.

கணவர் இப்போதெல்லாம் கடையில் லுங்கிக் கதை சொல்வதில்லை. ஒரு நாள் மதியமே கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுங்க."

"ரெண்டு பேரு படிவம் ஜெராக்ஸ் எடுக்க வந்தாங்க. நான் யாருன்னு தெரியாது போல. 'துணி மடிக்கிறதுக்குக்கூட ஒழுங்கான ஆள் கிடைக்கலையா'ன்னு பேசிக்கிட்டாங்க." அவர் கையைத் தேய்த்துக்கொண்டார். "நான் மெஷினை நிறுத்தல. ஜெராக்ஸ் எடுத்து அவங்க கையில குடுத்தேன். அதைத்தான் என்னால தாங்க முடியல. ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டு என்ன சொல்றது? எனக்கே தெரியலையே" என்றாள் அவள்.

மகள் பள்ளியில் இடம் மாறி உட்கார்ந்திருந்தாள். அதை டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பிய பிறகுதான் தெரிந்தது. ஏன் என்று கேட்டதற்கு, பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்துகொள்ளச் சொன்னாள் என்றாள். பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்மா, அன்னைக்கு எனக்கு ஜுரம் வந்ததாலதான் அந்த மாமா செத்துப்போனாரா?" என்று கேட்டாள்.

அவள் வெளியில் யாரிடமும் சொல்லாத பயத்தைக் குழந்தை எங்கிருந்து எடுத்தது? கணவரிடம் ஒரு தடவை, சமையலறையில், குரலைத் தாழ்த்தித்தான் சொல்லியிருந்தாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். "இல்லடி தங்கம். இல்லவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சொல்லும்போதே, இதை எந்தத் தைரியத்தில் சொல்கிறோம் என்றும் நினைத்தாள்.

பதினேழாம் நாள் விசாரணை அதிகாரி வந்தார். அந்தக் குதிப்பில் பயன்பட்ட எல்லாப் பாராசூட்டுகளும் பூட்டிய அறையில் இருந்தன. இறந்தவனுடையதைச் சாக்கிலிருந்து எடுத்து மேஜையில் பரப்பச் சொன்னார்கள். தொடுகிற உரிமை மேஸ்திரிக்கு மட்டும். மடிப்பக்கா சுவரோரம் நின்றாள். துணியில் ஓரிடத்தில் பழுப்புக் கறை இருந்தது. அதைப் பார்க்காமலிருக்க மேஸ்திரியின் கைகளையே பார்த்தாள்.

கயிறுகள் அடியிலிருந்து நுனிவரை நேராக வந்தன. முறுக்கு இல்லை, ஏறல் இல்லை. "மடிப்புத் தப்பா இருந்தா இப்படி இருக்காது சார். இது ஒழுங்கா வெளிய வந்து, ஒழுங்கா விரிஞ்சிருக்கு" என்றார் மேஸ்திரி.

"விரிஞ்சதுன்னா அப்புறம் எப்படிச் சுருங்கிச்சு?"

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கயிற்றையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு உருவிக்கொண்டே போனார். இடது பக்கம் நான்காவது கயிற்றில் விரல் நின்றது. ஐந்தாவதிலும், ஆறாவதிலும் நின்றது.

"இங்க தொட்டுப் பாருங்க சார். வழுவழுன்னு இருக்கா? இது உருகியிருக்கு. நைலான் மேல நைலான் வேகமா உரசினாத்தான் இப்படி உருகும். இவன் கயித்துக்குள்ள இன்னொருத்தனோட துணி பூந்து போயிருக்கு." அவர் நிமிர்ந்தார். "அன்னைக்குக் குதிச்ச மத்தவங்களோடதையும் பிரிங்க. அதுல ஒண்ணுல, துணியில, இதே மாதிரி மூணு கோடு இருக்கணும்."

பதினொன்றாவதாகப் பிரித்ததில் இருந்தன. மூன்று கோடுகள், பளபளவென்று, நத்தை ஊர்ந்த தடம் மாதிரி. அட்டையில் நெட்டையனின் கையெழுத்து.

மேஸ்திரி வெளியே போய், கம்பத்தடியில் நின்று, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததை மற்றவர்கள் பார்த்தார்கள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் நெட்டையன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பக்கத்தில் ஒருவன் வந்தால் பார்த்து விலக வேண்டும் என்பது முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம். அவன் மேகத்தின் இடைவெளியில் தரையில் போட்டிருந்த குறியைத் தேடிக்கொண்டிருந்தான். கண்டக்டர் கத்தியது கேட்டபோது இவன் அவனுடைய கயிறுகளுக்குள் போயிருந்தான். இருவரும் சிக்கித் தடுமாறினார்கள். இவனுடையது பிடுங்கிக்கொண்டு விரிந்தது. அவனுடையது சுருங்கியதோடு சரி, மறுபடி விரியவில்லை.

அடுத்த நாள் அணிவகுப்பில் முடிவை வாசித்தார்கள். "மடிப்பில் எந்தக் குறையும் இல்லை" என்று ஒரு வரி. அதற்கு முன்னும் பின்னும் வேறு அறிவிப்புகள் இருந்தன. அன்றைக்கே நான்கு பேர் கண்ணாடியைத் தட்டி, "அக்கா, உங்களோடது ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை. அவள் மேஜைக்குத் திரும்பியிருக்கவில்லை. மேஸ்திரி கூப்பிட்டும் போகவில்லை. "உன்மேல தப்பு இல்லைன்னு எழுதியே குடுத்துட்டாங்க, இன்னும் என்ன?" என்று அவர் சத்தம் போட்டார். "அவங்க எழுதிட்டாங்க. எனக்கு இன்னும் அந்த வியாழக்கிழமை ஞாபகம் வரலையே" என்றாள்.

ஒரு வாரம் கழித்து நெட்டையன் ஊன்றுகோல்களோடு கூடத்து வாசலுக்கு வந்தான். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. அவள்தான் வெளியே போனாள். அவன் முகம் ஒடுங்கிப்போயிருந்தது. இவ்வளவு சின்னப் பையனா என்று நினைத்துக்கொண்டாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"எதுக்கு?"

"சொல்லாம இருந்ததுக்கு. அவன் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்து, 'நீயாவது பொழைச்சியே ராசா'ன்னு என் தலையைத் தடவிக்கிட்டே இருந்தாரு. நான்தான் உங்க பையனைக் கொன்னேன்னு அவர்கிட்ட எப்படிக்கா சொல்றது? அப்புறம் எல்லாரும் மடிப்புத்தான்னு பேச ஆரம்பிச்சாங்க. நான் வாயைத் திறக்கல. அவ்வளவுதான் செஞ்சேன்."

"என்னை நினைச்சுப் பார்த்தியா?"

"இல்லக்கா. பொய் சொல்லக் கூடாது. உங்களை நினைக்கவே இல்ல. கூடம்னுதான் நினைச்சேன். அதுல ஒரு ஆள் இருக்காங்கன்னு தோணல."

அவளுக்குக் கோபம் வந்தது. இவனை அடித்தால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. "என் பொண்ணுக்குப் பத்து வயசு. தனக்கு ஜுரம் வந்ததாலதான் ஒரு ஆள் செத்துப்போயிட்டான்னு பதினேழு நாள் நினைச்சுக்கிட்டிருந்தா. மன்னிச்சிட்டேன்னு நான் சொன்னா நீ நிம்மதியாப் போயிடுவ. இப்ப சொல்ல வரல எனக்கு. வரப்போ சொல்றேன். போ."

அவன் தலையாட்டினான். ஊன்றுகோலைத் திருப்பத் தெரியாமல் தடுமாறினான். அவள் போய் அவன் முழங்கையைப் பிடித்து, படி இறக்கிவிட்டுத் திரும்பினாள்.

அந்த வாரக் கடைசியில் கண்டக்டரின் அப்பா வந்தார், மகனின் பெட்டியை வாங்கிப் போக. பெட்டியை வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு, பாராசூட் மடித்த அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாராம். முகாம் அதிகாரி தயங்கியிருக்கிறார். மேஸ்திரிதான் "கூட்டிட்டு வாங்க" என்றார்.

ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட சட்டை. வாசலில் எல்லோரையும் போல வாட்சைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே வந்தார். அவள் எழுந்து நின்றாள்.

"உட்காருங்கம்மா. நான் சண்டைக்கு வரல" என்றார். "அந்த நெட்டைப் பையனைப் பார்த்துட்டேன். அழுதான். நானும் அழுதேன். உங்களைத்தான் இன்னும் பார்க்கல. பதினேழு நாள் உங்களை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கேன்மா. பஸ் ஓட்டிக்கிட்டே திட்டுவேன். உங்க குடும்பத்தையெல்லாம் இழுத்துத் திட்டியிருக்கேன். முகம் தெரியாத ஆளைத் திட்டுறது சுலபமா இருந்துச்சு. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஐயா, நானே என்னைத் திட்டிக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் நீளமான மேஜைகளைச் சுற்றிப் பார்த்தார். "முப்பது வருஷமா பஸ் ஓட்டுறேன். ஒரு நாள்கூட பிரேக்கைக் குனிஞ்சு பார்த்ததில்ல. டெப்போவுல ஒருத்தன் பார்ப்பான். கருப்பா, குட்டையா இருப்பான். அவன் பேரு என்னன்னு நேத்துப் பஸ்ல வர்றப்ப யோசிச்சேன், எனக்குத் தெரியல. எத்தனை ஆயிரம் பேரை ஏத்தியிருப்பேன், அவன் பார்த்த பிரேக்கை நம்பி!" அவர் நிறுத்திவிட்டு, "கடைசியா பை வாங்க வந்தப்ப என் பையன் ஏதாவது சொன்னானாம்மா?" என்று கேட்டார்.

ஏதாவது சொல்லி அனுப்பினால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. "நான் பார்க்கலைங்கய்யா. அவன் முகம்கூட எனக்குத் தெரியாது" என்றாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவள் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தாள். காது கொஞ்சம் பெரியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி வாய்.

"எப்படி மடிப்பீங்கன்னு காட்டுறீங்களா? அவன் முதுகுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் ஒரு பாராசூட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டார்.

துணியை நீவும்போது எந்த மடல் என்று குழம்பி மறுபடி ஆரம்பித்தாள். கயிறுகளை எண்ணும்போது உதடு அசைந்தது. பதினோரு வருடத்தில் அவள் உதடு அசைத்து எண்ணியதில்லை. பஸ்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையோடு கூடவே நடந்து வந்தார். மூன்று இடத்திலும் மேஸ்திரி பார்த்து ஒப்புதல் கொடுத்தார். எல்லாம் முடிந்து பையை மூடிய பிறகு அவள் அப்படியே நின்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, மூடியதைத் திறந்து மொத்தத்தையும் வெளியே இழுத்துப் போட்டாள்.

"ஏம்மா, நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் பஸ்காரர்.

"இருந்துச்சுங்க. எனக்கு நிச்சயமாத் தெரியல."

இரண்டாவது தடவை தடுமாற்றம் குறைந்திருந்தது. இருபத்தைந்து நிமிட வேலை ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது. மேஸ்திரி ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவள் அட்டையை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"இது யாருக்குப் போகும்?"

"தெரியாதுங்கய்யா. யார் எடுக்கிறாங்களோ அவங்களுக்கு."

"எடுக்கிறவன் வீட்டுலயும் உங்களைத் தெரியாது."

"தெரியாதுங்க."

அவர் பையின்மேல் கையை வைத்து ஒரு தடவை அழுத்தினார், கட்டு இறுகியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு படத்தை எடுத்துக்கொண்டு, மகனின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாட்சை மறந்துவிட்டுப் போய்விட்டார். மேஸ்திரி வெயிலில் வாசல்வரை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அவள் மேஜைக்குத் திரும்பினாள். முன்புபோல வேகம் இல்லை. பதினான்குக்குப் பதிலாக ஒன்பது, பத்து. மேஸ்திரி அதை எழுதிக்கொண்டாரே தவிர எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை குதிப்பு இருந்தது. பதினோரு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட மைதானத்துக்குப் போய்ப் பார்த்ததில்லை. அன்று அனுமதி கேட்டுப் போனாள். ஆம்புலன்ஸுக்குப் பக்கத்தில் நின்றாள். "என்னக்கா, நீங்க இங்க?" என்று டிரைவர் கேட்டார். "சும்மாதான்" என்றாள்.

விமானம் வந்தது. வானத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள் உதிர்ந்தன. ஒவ்வொரு புள்ளியும் கீழே விழுகிற அந்த நாலைந்து நொடியும் அவள் மூச்சு விடவில்லை. ஒன்று விரிந்தது, இன்னொன்று விரிந்தது, அப்புறம் வரிசையாக. எண்ணினாள். நாற்பத்திரண்டு. எல்லாம் ஒரே பச்சை, ஒரே வட்டம். காலையில் எடுத்துப் போனவற்றில் அவள் மடித்தவை மூன்று; அவை அதில் எங்கேயோ இருந்தன.

எல்லோரும் இறங்கி, எழுந்து நின்று, துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்கள். ஒருவன் நொண்டினான், சுளுக்காக இருக்கும். அவனும் வந்து சேர்ந்த பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். புல்லில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். ஆம்புலன்ஸ் டிரைவர் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குதித்து வந்தவர்கள் தூரத்திலேயே தயங்கி நின்றார்கள். யாருக்கும் கிட்டே வரத் தைரியம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. கசங்கிய பாராசூட்டுகளை அள்ளி அதில் எறிந்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பின்பக்கம் ஏறி, அந்தத் துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்து கூடத்துக்குப் போனாள். மறுநாள் காலைக்குள் எல்லாவற்றையும் தொங்கவிட்டு உதற வேண்டும்.